லானி ஸ்காக்ஸை இரண்டு முறை அடித்தேன்

என் பெயர் எஸ்டில் கோம்ஸ். வயது எழுபத்தெட்டு. கென்டக்கி மலைப்பகுதியில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வசித்து வருகிறேன். முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தேன். நடக்க முடியாததால் சக்கர நாற்காலி. என் அறையில் அடுத்த கட்டிலில் இருப்பவர் ஹார்லன் டாக்கெட், அதே சுரங்கத்தில் என்னோடு இறங்கியவர். பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது.

லானி ஸ்காக்ஸ் என்பவர் போன மாதம் உதவியாளராக வந்தார். இந்த வேலைக்குப் பயிற்சியும் தேர்வும் முடித்து மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நோயாளியை அடித்ததாக அதில் குறிப்பு ஏறினால் எந்த இல்லத்திலும் சேர்க்கக் கூடாது. பக்கத்து மாநிலப் பதிவேட்டில் ஸ்காக்ஸ் பெயருக்கு அப்படிக் குறிப்பு இருப்பதை இன்னொரு உதவியாளரான லோரீனா தன் போனில் பார்த்து, எங்கள் அறை வாசலில் வைத்து நிர்வாகியிடம் காட்டினார். அதற்கு அந்த அம்மாள், "அது அந்த ஊரு விஷயம். இங்க பயிற்சி ஆளுன்னு போட்டிருக்கேன், பதிவேட்டுல பேரு ஏறாமலே நாலு மாசம் வேலை பாக்கலாம். அவனும் போயிட்டா நீ ஒருத்தியா எல்லாருக்கும் ஊட்டுவியா?" என்றார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை ஸ்காக்ஸ் ஹார்லனுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்ட வந்து, முதல் வாய் இறங்கும் முன்பே அடுத்த ஸ்பூனைத் திணித்ததில் ஹார்லனுக்குப் புரையேறி, கஞ்சி ஸ்காக்ஸின் சட்டையில் தெறித்தது. உடனே ஸ்காக்ஸ் புறங்கையால் ஹார்லனின் முகத்தில் அறைந்தார். மேல்பல் செட் தெறித்து என் நாற்காலிச் சக்கரத்தருகே விழுந்தது. அதன் பிறகு ஹார்லனின் கழுத்தில் கட்டியிருந்த துணியைச் சுருட்டி அவர் வாயில் அடைத்து மூக்கைப் பிடித்தார். நான் அழைப்பு மணியை அழுத்தினேன். ஸ்காக்ஸ் மூக்கை விடாமல் இன்னொரு கையால் அதன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, "கூப்பிடு கிழவா, எவன் வர்றான்னு பாப்போம்" என்றார். ஹார்லனின் முகம் நிறம் மாறியது. சுரங்கத்தில் காற்றில்லாமல் செத்தவர்களிடம் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு என் நாற்காலியின் இரும்புக் கால்தாங்கியைக் கழற்றி ஸ்காக்ஸின் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, பிடி விட்டது. ஹார்லனின் வாயிலிருந்த துணியை உருவினேன். ஸ்காக்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்போது முகத்தில் அடித்தேன். இடது கண் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது அடி எதற்கு என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி கேட்டார். அதற்கு அவசியம் இருக்கவில்லை. தெரிந்துதான் அடித்தேன்.

சத்தம் கேட்டு லோரீனா ஓடிவந்து ஹார்லனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பின்னால் வந்த நிர்வாகி என் காதருகே குனிந்து, "வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுங்க எஸ்டில். பதிவேட்டப் பத்தி மூச்சு விடாதீங்க. உங்களுக்கும் கேஸ் வராது" என்றார்.

"வழுக்கல. நான்தான் அடிச்சேன். அடிச்சது, பதிவேடு ரெண்டையும் எழுதச் சொல்லுவேன்" என்றேன்.

நேற்று ஹார்லனை மருத்துவமனையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். லோரீனா ஊட்டினால்கூட வாயை இறுக மூடிக்கொள்கிறார். நான் கொடுத்தால் மட்டும் வாயைத் திறக்கிறார். என்னைக் கைது செய்வதானால் அவர் மதியச் சாப்பாடு முடிந்த பின் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்) எஸ்டில் கோம்ஸ்