கேட்டில் கட்டியிருந்த கயிறு

புதிதாக வரும் தலைமையாசிரியர்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியம் மேசையைத் திருப்பிப் போடுவதுதான். ஜன்னலோரம் கிடந்தால் சுவரோரம், சுவரோரம் கிடந்தால் ஜன்னலோரம். அதோடு பள்ளிக்கூடமே திருந்திவிட்டது என்று முகத்தில் ஒரு நிறைவு வரும். நான் பக்கத்தில் நின்று பாராட்டுவேன். என் வேலையில் அதுவும் சேர்த்தி.

எங்கள் தொண்டு நிறுவனம் அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டீர்கள். அரசுப் பள்ளிகளில் தலைமை மாறும்போதும், ஆசிரியர்கள் மாற்றலாகிப் போகும்போதும், பள்ளி ஆட்டம் காணாமல் தாங்கிப் பிடிக்கிறோம். எங்கள் பதாகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இரண்டு கைகள், நடுவில் ஒரு செடி. வரைந்தவன் பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டான். இருந்தாலும் நன்கொடையாளர்களுக்குச் செடி பிடிக்கும்.

எங்கள் முறையில் முக்கியமான விதி ஒன்று உண்டு. போகிற தலைமையும் வருகிற தலைமையும் நேரில் சந்திக்கக் கூடாது. அதை வகுத்தவன் நான். சந்திக்க விட்டால் போகிறவர் மூக்கைச் சிந்துவார், வருகிறவர் மிரண்டுபோவார். எனவே போகிறவர் என்னோடு பள்ளியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட வேண்டும். நான் வடிகட்டித் தேவையானதை மட்டும் வருகிறவரிடம் சொல்வேன். ‘சுத்தமான கைமாற்றம்’ என்று பெயர் வைத்தேன். இதைப் பற்றிப் பேச என்னை எங்கெங்கோ அழைத்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளியின் பழைய தலைமையாசிரியருக்குக் ‘கயிறு சார்’ என்று பெயர். மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, பழுது பார்க்க ஆள் வராமல் சலித்துப்போய், எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். கால் ஆடும் பெஞ்சு, கழன்ற ஜன்னல், ஒழுகும் குழாய். ஓய்வு பெறுவதற்கு முன் என்னைச் சுற்றிக்காட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கதை இருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது.

வாசலுக்கு வந்ததும் நின்றார். அது இரும்புத் தள்ளு கேட். லாரி நுழையும் அகலம். மேலே அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கொக்கி ஒடிந்துபோயிருந்தது. ஆள் போய்வர இடம் விட்டு, மேற்கொண்டு நகராதபடி கேட்டைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

“மத்த கயிறெல்லாம் அவுத்தா அவுத்துட்டுப் போகட்டும் சார். இதை மட்டும் தொட வேணாம்னு புது மேடம்கிட்ட சொல்லிடுங்க. முழுசாத் தள்ளுனா சாஞ்சிடும். அடியில யாராவது இருந்தா ஆளையே எடுத்துரும்.”

“சொல்லிடறேன் சார். நீங்க நிம்மதியாப் போங்க.”

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஓய்வு பெறுகிறவர்களின் கண்ணீரைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை.

பிறகு புதிய தலைமையாசிரியை அம்மையார் வந்தார். மேசையைத் திருப்பிப் போட்டார். ஆசிரியர்களை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“சார், எங்களுக்குக் கணக்கு டீச்சர் இல்ல. உங்களால ஒரு ஆள் தர முடியுமா?”

“அது எங்க வேலை இல்ல மேடம். மாற்றம் நடக்கறப்போ உங்க மனநிலையை நாங்க பாத்துக்குவோம்.”

“அப்போ மனநிலையை நாங்களே பாத்துக்கறோம். கணக்கு டீச்சர் கிடைச்சா வாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் ஆசிரியை நோட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை. எங்கள் உதவி வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாக அம்மையார் சொன்னார். ஒரு பள்ளி எழுதினால் அடுத்த பள்ளிக்கும் கை அரிக்கும். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் அத்தனை பள்ளிகளும் என்ன ஆவது? அம்மையாருக்கு ஒரு சின்னச் சறுக்கல் தேவை என்று நினைத்தேன். கேட் சாயும், சத்தம் கேட்கும், நாலு பேர் திட்டுவார்கள், தலைக்கனம் இறங்கும். பயிற்சி வகுப்புகளில் நானே சொல்வதுதான், ஆரம்பத்தில் சறுக்குகிற தலைமைதான் பிறகு கற்றுக்கொள்ளும்.

அடுத்த வாரம் நான் போனபோது கயிறுகளை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டருகே காவலாளி கத்தியோடு நின்றான். ஏஜென்சி அனுப்பிய புது ஆள், எதுவும் தெரியாதவன். அம்மையார் என்னைக் கூப்பிட்டார். அதையும் நான் மறைக்கவில்லை. அவர் கேட்கத்தான் செய்தார்.

“இது மட்டும் ரொம்ப இறுக்கிக் கட்டியிருக்கே சார். பழைய சார் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

“அவருக்குக் கயிறு ஒரு பழக்கம் மேடம். வேற ஒண்ணுமில்ல.”

“அறுத்துடலாமா?”

“தாராளமா.”

காவலாளி அறுத்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வேறொரு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தச் சிறுமி நான்காம் வகுப்பு. அம்மா அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறவள். வேலைக்குப் போகிற வழியில் மகளைச் சீக்கிரமே பள்ளியில் விட்டுவிடுவாள். மறுநாள் காலை தலைமையாசிரியையின் ஸ்கூட்டர் வருவதைப் பார்த்ததும், வழிவிடுவதற்காக ஓடிப்போய்க் கேட்டை முழுவதுமாகத் தள்ளியிருக்கிறாள். நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மையார் கண்ணெதிரேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்கு அடுத்தபடியாக அம்மையார் கூப்பிட்டது என்னைத்தான். “சார், கொஞ்சம் வாங்க சார்” என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. உடனே போனேன். ஆசிரியர்களை வட்டமாக உட்காரவைத்தேன். வண்ணக் காகிதம் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னேன். நோட்டால் வாயை மூடிச் சிரித்தவள் வெறும் கறுப்பாகத் தீற்றினாள். அமர்வு நன்றாகவே நடந்தது.

அம்மையார் உங்கள் விசாரணையில் என்னைக் கைகாட்டவில்லை. “நான்தான் அறுக்கச் சொன்னேன், என் தப்புதான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை போய்விட்டது, சிறைக்கும் போகத் தயாராக இருந்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நீங்கள்தான் கயிறு சாரையும் வரவழைத்து அதே அறையில் உட்காரவைத்தீர்கள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மேடம்கிட்ட சொன்னீங்கல்ல சார்?” அம்மையார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பழைய தலைமையும் புதிய தலைமையும் சந்தித்தால் இப்படித்தான் ஆகும். இதற்காகத்தான் அந்த விதியையே வைத்தேன்.

ஆம், கயிறு சார் என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை. அம்மையார் கேட்டபோது அந்தக் கொக்கி ஒடிந்த இடம் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அம்மையாரை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். எனக்கும் நான்காம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாளே, அவள் அந்தப் பள்ளியில் படித்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று. எனக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. என் மகளை நான் எதற்கு அரசுப் பள்ளியில் சேர்க்கப்போகிறேன்?