சமம் என்று சொல்லாத முக்கோணம்

கோடு கோணினாலும் கொள்கை கோணாத கணித ஆசிரியையே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவரே, வணக்கம்!

இன்று பணி ஓய்வு பெறும் நீங்கள், முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்பள்ளியின் கரும்பலகையில் இயற்கணிதத்தையும் வடிவியலையும் வரிவரியாக வளர்த்தீர்கள். வலப்பக்கம் காரணம் எழுதாத எவரையும் அடுத்த வரிக்கு விட்டதில்லை. "அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும் டீச்சர்" என்று பிள்ளைகள் சொன்னால், "ஏன், வாசல் தாண்டினா சட்டை மாத்திக்குமா? ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிச்சேன்னு எழுது" என்பீர்கள். அவர்கள் உங்களுக்கு 'ஏன் டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்கும் தெரியும்.

பாராட்டுச் சொற்களை இங்கே நிறுத்திவிட்டு, சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புக் கணித விடைத்தாள்களின் கூட்டலைச் சரிபார்க்கும் வேலை உங்கள் பக்கத்து மேசை அறிவியல் ஆசிரியைக்கு வந்தது. இளையவர், பேசுமுன் இருமுறை எச்சில் விழுங்குபவர். ஒரு மாணவியின் தாள் முப்பத்திரண்டில் நின்றது. தேர்ச்சிக்கு மூன்று குறைவு. மேல் வகுப்புக்கு வழியில்லை. முக்கோணத்தின் உச்சியிலிருந்து இறக்கிய செங்குத்துக்கோடு அடிப்பக்கத்தை இருசமமாக வெட்டும் என்று நிறுவச் சொல்லியிருந்தது வினா. மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: "மற்ற இரு பக்கங்களும் சமம் என்று கொடுக்கப்படவில்லை. எனவே நிறுவ இயலாது." நீங்கள் பூஜ்யம் போட்டிருந்தீர்கள்.

இளையவர் வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். படம் அத்தனை நேர்த்தியாக இருந்ததால், சமம் என்றே எல்லாரும் நம்பியிருந்தோம்; வரைந்த நீங்களும்.

தேர்ச்சிப் பட்டியல் இரண்டு மணிக்கு ஒட்டப்பட வேண்டும். தாளும் கையுமாக அவர் ஆய்வகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் ஐந்து முறை நடந்தார். கழுவிய சோதனைக் குழாய்களையே மறுபடி கழுவினார். ஒன்றே முக்காலுக்குத் தாளை உங்கள் முன் வைத்து, "டீச்சர்... இந்தப் பூஜ்யம் எதுக்குன்னு..." என்றார்.

நீங்கள் படித்தீர்கள். எழுந்துபோய்ப் பலகையில் ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம் வரைந்தீர்கள். செங்குத்தை இறக்கினீர்கள். அடிப்பக்கம் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் பிரிந்தது.

"அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி" என்றீர்கள்.

"கூட்டல் பிழைன்னு போட்டுத் திருத்திடுங்க டீச்சர். போற நேரத்துல எதுக்குப் பேரைக் கெடுத்துக்கறீங்க?" என்றார் எங்களில் ஒருவர்.

"கூட்டல் சரின்னு கையெழுத்துப் போட்டது இவங்க. என் தப்பு இவங்க தலையில விழணுமா?"

பதிவேட்டில் உங்கள் கையாலேயே எழுதினீர்கள்: 'வினாவில் பிழை. வினா அமைத்தவர் நான். மாணவிக்கு முழு மதிப்பெண் ஐந்து.' பட்டியல் நான்கு மணிக்குத்தான் ஏறியது. அந்த மாணவி இப்போது மேல் வகுப்பில் படிக்கிறாள்.

அடுத்த அறிவியல் வினாத்தாளை அமைக்கப்போகிறவர் அந்த இளையவர்தான். வினா ஒவ்வொன்றுக்கும் இப்போதே 'ஏன்' கேட்டுப் பார்க்கிறார்; நாங்களும்தான். நோயின்றி, கவலையின்றி, நெடுங்காலம் வாழுங்கள். நாங்கள் பிழை செய்யும் நாளில், அதன் கீழே எங்கள் பெயரை எழுதும் துணிவு எங்களுக்கும் வரட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போங்கள்.

இவண்,
உடன் பணிபுரியும் ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்