மூன்றாம் நாள் போன்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, மருந்தேற்றும் வார்டின் செவிலியர்களே, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்திருக்கும் என் சக நோயாளிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மறைந்த நம் தலைமைச் செவிலியர் அம்மையாரைப் பற்றிப் பேச லிஃப்ட் இயக்குபவனுக்கு என்ன தகுதி? பத்தொன்பது ஆண்டுகள் அவரை மேலே ஏற்றி இறக்கியிருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன், குடலில் புற்றுநோய் என்று அவருடைய வார்டிலேயே நோயாளியாகப் படுத்தேன். அந்தத் தகுதிதான்.

உங்களுக்கு இல்லாத பயம் ஒன்று எனக்கு உண்டு. மேலே ஏறியவர்களில் யார் யார் நடந்து இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். துணி மூடி அவர்களைக் கீழே கொண்டுவந்தவன் நான்.

முதல் மருந்து ஏறிய மூன்றாம் நாள் காலை, வீட்டில் இருந்தேன். குமட்டலுக்குப் பயந்து பட்டினி கிடந்தேன். ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டதும் விரல்களில் ஊசி ஊசியாகக் குத்தியது. ஒரு வாய் குடித்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. கதை முடிந்தது என்று சுவரில் சாய்ந்தேன். அப்போது போன் அடித்தது.

முதல் மருந்து ஏற்றிக்கொண்ட எல்லோரையும் மூன்றாம் நாள் அவர் அழைப்பார். அப்படி அழைக்கச் சொல்லி யார் உத்தரவு போட்டார்கள்? யாரும் இல்லை. 'மூணாம்நாள் அக்கா' என்று நாம் பெயர் வைத்தது அதனால்தான்.

"என்னண்ணே, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர்."

"குரலைக் கேட்டா அப்படித் தெரியலையே. ஜில்லுன்னு ஏதாவது குடிச்சீங்களா?"

"தொண்டை அடைக்குது. மூச்சு நின்னுடும்போல இருக்கு."

"என்கிட்ட பேசிட்டுத்தானே இருக்கீங்க? மூச்சு ஓடுது. இது அந்த மருந்து பண்ற வேலை, ஜில்லுன்னு பட்டாலே அடைக்கும். அண்ணியை வெந்நீர் ஆத்தித் தரச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தொண்டை இளகும்வரை இருந்தார். பிறகு சொன்னார்: "காய்ச்சல் நூறைத் தாண்டினா மாத்திரையப் போட்டு மறைக்காதீங்க. உடனே வந்துடுங்க."

ஒன்பதாம் நாள் மதியம் காய்ச்சல் நூற்றொன்று. நான் என்ன செய்தேன்? தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன். மறுபடி மேலே போனால் இறங்குவேனா என்ற பயம். என் மனைவி அதைக் கண்டெடுத்து அவரை அழைத்துவிட்டாள்.

"பயமா இருக்காண்ணே? இருக்கட்டும். நீங்களா வர்றீங்களா, நான் வந்து கூட்டிட்டு வரவா?"

போனேன். இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் மருத்துவர். வார்டில் சேர்ந்த ஆறாம் நாள் என் காலால் நடந்து வீடு திரும்பினேன்.

அவையோரே, போன வாரம் லிஃப்டில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். "டாக்டர்கிட்ட காட்டுங்க சிஸ்டர்" என்றேன். "வாயுவா இருக்கும்ண்ணே" என்றார். அதோடு விட்டுவிட்டேன். என்னை அவர் அப்படி விட்டாரா? அதற்கு இரண்டாம் நாள் அவருடைய இதயம் நின்றது.

திங்கட்கிழமை எனக்கு அடுத்த மருந்து. எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் அக்காவின் மூன்றாம் நாள் அழைப்பு நிற்காது. மருந்து விவரங்களைச் சொல்ல வார்டின் இளைய செவிலியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்து பேச நானும் இருப்பேன். நாளை நான்கு பேருக்கு மூன்றாம் நாள். அவர்கள் வீட்டார் யாரேனும் இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள். காலை பத்து மணிக்குப் போன் அடிக்கும். தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள்.