இடது காதுக்குச் சொன்னது

விஜி: சாப்பிடுங்க முதல்ல. தோசை ஆறிடுச்சி.

தினேஷ்: நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க கை கழுவுறவங்க போய்ட்டு வந்துட்டு இருக்காங்க.

விஜி: சரி, வந்துட்டேன். இப்ப சொல்லுங்க. டாக்டரம்மா முடிவ நம்ம தலையிலயே போட்டுட்டாங்க.

தினேஷ்: "யோசனெ மாடி ஹேளி." யோசிச்சிச் சொல்லணுமாம், இட்லியா தோசையான்னு கேக்குற மாதிரி...

விஜி: விளையாடாதீங்க. ரேடியேஷன்னா மண்டையத் தொறக்க வேணாம். கட்டி வளராம நின்னுடும். இடது காதும் இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும்னு போன தடவையே சொன்னாங்க.

தினேஷ்: கட்டி உள்ளயே கெடக்கும். வருஷா வருஷம் ஸ்கேன். ஆபரேஷன்னா எடுத்துப் போட்டுடுவாங்க, முடிஞ்சிது.

விஜி: கூடவே காதும் போயிடும். முகம் ஒரு பக்கமா கோணிக்கலாம்னும் சொன்னாங்களே...

தினேஷ்: கோணட்டுமே. இனிமே எனக்குப் பொண்ணு குடுக்கவா வரப் போறாங்க?

விஜி: கேக்குற காத எதுக்குங்க தூக்கிப் போடணும்? வெறும் பிடிவாதம்.

தினேஷ்: உங்கப்பாவ விடவா? ஆனேக்கல்ல அந்த ஒத்த ரூம விட்டு வரவே மாட்டேன்னாரு. போன மழையில பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணித்தான் மாமா போயிட்டதே நமக்குத் தெரிஞ்சது.

விஜி: ...அப்பா பேச்சு எதுக்கு இப்ப?

தினேஷ்: மனசு கேக்கலடி. நானே போய்க் கூப்பிடலாம்னு இருந்தேன். அவரு வர மாட்டாருன்னு நீதான்...

விஜி: விடுங்க. நம்ம விஷயத்துக்கு வாங்க. ஊசிக்கே முகத்தத் திருப்பிக்கிற ஆளு நீங்க. ஆபரேஷன் ஏன் வேணும்ங்கிறீங்க?

தினேஷ்: அந்தக் காதுல காப்பாத்த ஒண்ணுமில்ல விஜி.

விஜி: கொஞ்சம் மந்தம்னுதானே சொன்னீங்க?

தினேஷ்: உனக்கு அப்படிச் சொன்னேன். காது டெஸ்ட் ரிப்போர்ட்ட டாக்டர் பாக்குறப்ப உன்ன மருந்துக் கடைக்கு அனுப்பினேன் இல்ல... அதான்.

விஜி: எப்பலேருந்து?

தினேஷ்: ரெண்டு வருஷத்துக்கு மேல. முதல்ல ஙொய்னு ஒரு சத்தம். இப்ப அது மட்டுந்தான்.

விஜி: அப்பவே காட்டியிருந்தா சின்னதா இருந்திருக்குமே...

தினேஷ்: கம்பெனி வேன்ல வேற டிரைவரப் போட்டுடுவாங்கன்னு பயம். தப்புதான். நாள் தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.

விஜி: இருங்க... ஸ்கூட்டர்ல நான் பின்னாடி உக்காந்து பேசுவேனே. உங்க இடது தோள் மேல சாஞ்சி...

தினேஷ்: ம்.

விஜி: அதெல்லாம்?

தினேஷ்: ஹெல்மெட் வேற. நீ பேசுறன்னு தெரியும், என்னன்னு தெரியாது. "பாக்கலாம்"னு சொல்லிடுவேன். எதுக்கும் ஒத்து வர்ற பதில்.

விஜி: திரும்பக் கேட்டிருக்கலாமே.

தினேஷ்: கேட்டேன், முதல்ல கொஞ்ச நாள். "செவிடா நீங்க"ன்னு எரிஞ்சி விழுந்த. அதோட விட்டுட்டேன்.

விஜி: அப்ப நான் அன்னிக்குக் கேட்டதும் உங்க காதுல விழல...

தினேஷ்: ஏய், அழாத. எல்லாரும் பாக்குறாங்க. அப்படி என்ன பெரிசா சொல்லியிருக்கப் போற... காய் வாங்கணும், கேஸ் புக் பண்ணணும்...

விஜி: ஆபரேஷனே பண்ணிக்கலாம். எழுந்திருங்க, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்.

தினேஷ்: உக்காரு. என்ன கேட்ட விஜி?

விஜி: வேணாங்க.

தினேஷ்: இந்தக் காது நல்லா கேக்குது. சொல்லு.

விஜி: அப்பா வர மாட்டேன்னு சொல்லவே இல்லீங்க. அம்மா காரியம் முடிஞ்சி ஆனேக்கல்லேருந்து திரும்பி வர்றப்ப, அவரக் கூட்டிட்டு வந்து நம்மளோடயே வச்சிக்கலாமான்னு ஸ்கூட்டர்ல கேட்டேன். "பாக்கலாம்"னீங்க. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சி, வீட்டுல இடம் பத்தாதுப்பான்னு நானே அவர்கிட்ட சொல்லிட்டேன்.