எண்ணிக்கையில் ஒருவர் குறைவு

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, தங்கையைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் நடுவே வந்து அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் என் மக்களே! வணக்கம். வாசல் காவலாளி பேசுகிறேன். மேடை ஓரத்தில் நின்று என் பேச்சைக் காது கேளாதவர்களுக்காகக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறாரே மின்னலின் மனைவி, அவருக்காக நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பணியாளர் நல அலுவலர் அம்மையார் மறைந்து இன்று ஒன்பதாவது நாள். அவர் முதன்முதலில் என் வாசலைத் தாண்டிய நாள் கண்ணில் நிற்கிறது. நல்ல மழை. வலது செருப்பின் வார் அறுந்திருந்தது. அந்த மாதமே காது கேளாத எட்டுப் பேரை வேலைக்கு எடுத்தார். பழைய மேலாளர் கேட்டார், "பாவம் பாத்து வேலை குடுக்கறீங்களாம்மா?" என்ன பதில் சொன்னார் தெரியுமா?

"பாவம் பாத்தா சோறு போடுவேன் சார். வேலை குடுத்தா வேலை வாங்குவேன்."

வாங்கினாரா, இல்லையா? நம் மின்னல், கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி மடித்துவிடுவதால் அந்தப் பெயர், ஒருநாள் தாமதமாக வந்தார். என் கூண்டுக்கு முன்னால் நிற்கவைத்துக் கையாலேயே திட்டினார் அம்மையார். "காதுதானே கேக்காது, கடிகாரமுமா தெரியாது?" மின்னலும் விடவில்லை. "பஸ்ஸுக்குத்தான் கண்ணு தெரியல, நிக்காம போயிடுச்சு" என்று கையை ஆட்டினார். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு அரை நாள் விடுப்பு எழுதிவிட்டார்!

அபாய மணி அடித்தால் அந்த எட்டுப் பேருக்குக் கேட்காதே? வரிசைக்கு ஒரு சிவப்பு விளக்கு வைத்தார். புகையில் விளக்கு தெரியாதே? மணி கேட்டவர் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொட வேண்டும், அவர் அடுத்தவரைத் தொட வேண்டும் என்றார். "தோளம்மா" என்று கேலி பேசினோம். பசை தடவும் அக்கா, "முதல்ல கையைக் கழுவிட்டுத் தொடுங்கடா, சட்டையெல்லாம் பசை" என்று கத்துவார்.

சரி, வெளியே வந்தவர்களை எண்ணுவது எப்படி? பெயரைக் கூப்பிட்டால் எட்டுப் பேர் எங்கிருந்து பதில் சொல்வார்கள்? என்னிடம் வந்தார். "ஐயா, உங்களுக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். நீங்க முகத்தை எண்ணுங்க." இருநூற்றுப் பன்னிரண்டு முகம். ஆறு வருடம். ஒரு முகம் தவறியதில்லை.

போன மாதம் அம்மையார் நான்கு நாள் விடுப்பில் போனார். அதற்குள் அலுவலகத்தில் முறையை மாற்றினார்கள். படிக்கத் தெரியாதவர் எப்படிக் கணக்கெடுப்பார்? இனிமேல் மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார் என்றார்கள். நான் என்ன சொன்னேன்? "சரிங்க" என்றேன். அம்மையார் திரும்பி வந்தார். அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை! தானாகத் தெரிந்துகொண்டு வந்து கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு வீம்பு!

மறுநாள் காலையில் காகிதக் கிடங்கில் தீ. தோளைத் தொட்டுத் தொட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும்! தீயணைப்பு வண்டிக்குப் பின்வாசலைத் திறக்க நான் ஓடியிருந்தேன். மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டார்; காது கேளாத மற்ற ஏழு பேரையும் பக்கத்தில் நின்றவர்கள் தொட்டுக் காட்டினார்கள். மின்னலின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். மின்னல் பத்தடி தள்ளி, சரக்கு லாரிக்கு அந்தப் பக்கம், தன் பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்த பசை அக்காவின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் ஒன்றுதான் கேட்டார். "எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சும்மா. மின்னல் மட்டும் இல்ல" என்றார் மேற்பார்வையாளர்.

நான் முகத்தைப் பார்த்து எண்ணியதாகவே அம்மையார் நினைத்துவிட்டார். ஒருவர் இல்லை என்று நான் சொன்னால் இல்லைதான், அவ்வளவு நம்பிக்கை. உள்ளே ஓடினார். நான் திரும்பி வந்தபோது மின்னல் என் எதிரில் நின்றார். அம்மையாரைக் காணவில்லை.

"அவனாலதான் அந்தம்மா போச்சு" என்று உணவுக்கூடத்தில் பேசுகிறீர்கள். அவனாலா? கூப்பிட்டது கேட்காதவன் குற்றவாளியா, கேட்காது என்று தெரிந்தே கூப்பிட்டவர்கள் குற்றவாளிகளா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட நான் யார்?

அறிவிப்புப் பலகையில் நேற்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதுகாப்புக் காரணமாக அந்த எட்டுப் பேரும் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாமாம். நிர்வாகி ஐயா, அந்தத் தாளைக் கிழியுங்கள். அம்மையார் பாடுபட்டுச் சேர்த்த எட்டுப் பேரை அவருடைய சாவைக் காட்டியே வெளியே தள்ளாதீர்கள்! நாளைக் காலை வாசலில் நிற்பேன். எட்டு முகமும் உள்ளே போகும்வரை என் எண்ணிக்கை முடியாது. இது அம்மையாருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது தலைகுனிந்து மௌனமாக நிற்கச் சொல்வார்கள். தலையைக் குனிந்தால் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எப்படித் தெரியும்? நிமிர்ந்து நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொடுங்கள்.

கடைசி வரிசையில் மின்னல் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன். பேச்சை முடித்துக்கொண்டு ஒன்றில் நான் போய் உட்காரப் போகிறேன்.

இன்னொன்று இருக்கிறது.