பிங்கிக்குக் கட்டிய மல்லிப்பூ

“நாய்க்கு எவளாவது மல்லிப்பூ வச்சுக் கட்டுவாளா?”

அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாளின் மடியில் பழுப்பு நாய் ஒன்று துண்டுக்குள் சுருண்டு கிடந்தது.

“இதுக்கு மடியில பால் கட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். எனக்குப் பால் வத்த எங்கம்மா பூதானே வச்சுக் கட்டினாங்க.”

“அரே, பிங்கி குட்டியே போடலையே! அது கட்டி. முன்னாடியே கொண்டுவந்திருந்தா சின்னதுலயே எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. இப்ப நெஞ்சுக்குப் பரவியிருக்கான்னு எக்ஸ்ரே பாக்கணுமாம்.”

அவர் கம்பியருகே போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

“மெயின்லேண்ட்லேர்ந்து ஃப்ளைட்ல வர்ற பூ. ஜங்லிகாட் மார்க்கெட் முழுக்கத் தேடி வாங்கிட்டு வந்தேன். உன் தலைக்குத்தான் கேக்குறேன்னு நெனச்சேன்.”

“பிங்கிக்குன்னா வாங்கியிருப்பீங்களா?”

படகு அக்கரைத் துறையில் இடித்து நின்றது. எல்லோரும் முண்டியடித்து இறங்க, அவர் மட்டும் குனிந்து துண்டை விலக்கிப் பார்த்தார்.

“கட்டுறப்ப வலிச்சிருக்குமே. கடிக்கலையா?”

“இல்லை. என் கையை நக்கிக்கிட்டே படுத்திருந்துச்சு.”