பாசி பிடிக்காமல் இருக்க

— “நின்னுக்கிட்டே இருக்கிற தண்ணிக்குக் கால் மரத்துப் போகாதாம்மா?”ன்னு நம்ம பொண்ணு சின்னதுல கேட்டாளே, ஞாபகம் இருக்காங்க?

— இருக்கு. இப்ப எனக்குத்தான் மரத்துப் போச்சு. காலையிலேருந்து இந்த நீச்சல் குளத்தடியில குந்திப் பாசி தேய்க்கிறேன். அவ கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் யாராவது இதுல கால் வெச்சோமா? மண்ணைக் கொட்டிக் கத்திரிக்காயாவது போட்டிருக்கலாம்.

— அந்த மூலை இன்னும் பச்சையா இருக்கு. அழுத்தித் தேய்ங்க.

— அதானே பார்த்தேன், மேஸ்திரியம்மா இன்னும் குறை சொல்லலியேன்னு. அடுத்த வாரம் அவ பிரசவத்துக்குக் கிளம்பறோம். வர மாசக்கணக்காகும். யார் குளிக்க இந்த அலங்காரம்? தவளையா?

— தவளையை வாளியில எடுத்து செடிப் பக்கம் விடுங்க. அதுவும் குடியிருந்த உசிரு. மெல்லப் பேசுங்க, பக்கத்து வீட்டு மாமா தடியை ஊனிக்கிட்டு வர்றார்.

— என்ன மருமகளே, ஆபரேஷன் பண்ணின மனுஷன் கண்ணை மூட முடியல. ஒரே வரட்டு வரட்டுன்னு தேய்க்கிற சத்தம்.

— மன்னிச்சுக்குங்க மாமா. இடுப்பு எப்படி இருக்கு?

— உள்ளே இரும்பு வெச்சிருக்கான். சொல்றேன் கேளு, நெஞ்சளவு தண்ணியில தினம் நடந்தாத்தான் தடியை விடலாமாம். நாலு பேர் குளிக்கிற இடத்துல, எல்லாரும் பார்க்க, நண்டு மாதிரி நடக்கச் சொல்றார் டாக்டர். தடியே இருந்துட்டுப் போகட்டும்னு வந்துட்டேன்.

— மாமா, எனக்கொரு உதவி பண்ணணும். நாங்க போனப்புறம் தண்ணி அசையாம நின்னா மறுபடியும் பாசி ஏறிடும். தினம் யாராவது இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாப் போதும்.

— பம்பு எதுக்கு இருக்கு?

— பம்பு அடியில இருக்கிறதைக் கலக்காது மாமா. ஆள் கால் படணும்.

— இந்த வயசுல எனக்கு வேலை வைக்கிறே.

— வேற யாரை நம்பி வீட்டை விடுவேன்? பின்கதவைத் திறந்தே வைக்கிறேன். படியில கைப்பிடிக் கம்பியும் போட்டாச்சு. அத்தையும் உங்ககூட வந்து துணைக்கு உக்காந்திருக்கட்டும். வேற ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

— சரி, சரி. உன் பாசிக்காக நனையறேன். முதல்ல பொண்ணுக்கு நல்லபடியா ஆகட்டும்.

— போயிட்டாரா? ஏம்மா, ஆள் நடந்தா பாசி பிடிக்காதா? சாமி கும்பிடாம பச்சத் தண்ணி குடிக்காதவ, கண்ணைக்கூடச் சிமிட்டாம புளுகறியே.

— என் சொந்தப் புளுகு இல்லைங்க. அவர்கிட்ட வாங்கினது.

— அவர்கிட்டயா?

— கால்ல வலுவில்லாம, தண்ணியைக் கண்டாலே நம்ம பொண்ணு அலறுவாளே. நாம வேலைக்குப் போனப்புறம் அவர்தானே தினம் வந்து, “தாத்தாவுக்கு முதுகுவலிடா, தண்ணியில நடக்கணும், தனியா பயமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கோ”ன்னு இறக்குவார்?

— ஆமா. அவர் முதுகும் சரியாச்சு, இவளும் நடந்தா. அவருக்கு நம்ம குளத்தால நல்லதுன்னு நான்கூடப் பெருமையாச் சொல்லிக்குவேன்.

— அவருக்கு முதுகுவலின்னு ஒண்ணு வந்ததே இல்லையாம். போன மாசம் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அத்தை வாய் தவறிச் சொல்லிட்டாங்க.